அரை பாயின்ட் சாட்சி

அந்த ஆட்டம் எங்கள் வீட்டுக்காரர் ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டம் என்று எனக்கு முதன்முதலில் சொன்னது அல்போன்ஸ் சார்தான். போன ஈஸ்டருக்கு மறுநாள், திங்கட்கிழமை. தூத்துக்குடியில் இருந்து மக்ரூன் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்து சொன்னார்.

காபி ஆறுகிறது, எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. வீட்டுக்காரர் சலூனுக்குப் போயிருக்கிறார். உங்கள் செஸ் சங்கத்தில் அவருக்குப் பாராட்டு விழா வைக்கிறீர்கள், முடி வெட்டாமல் மேடை ஏறினால் நன்றாக இருக்காது என்று நான்தான் அனுப்பினேன். அந்தச் சலூன்காரரும் செஸ் ஆடுகிறவர். அதனால் சீக்கிரம் வரமாட்டார். அதற்குள் சொல்லிவிடுகிறேன். விழா மலரின் கடைசிப் பக்கத்தில் அந்தக் கோயம்புத்தூர் ஆட்டத்தைப் போட்டிருக்கிறோம் என்று காட்டினீர்கள் பாருங்கள், அதனால்தான் சொல்கிறேன். மற்றப்படி நான் இதையெல்லாம் வெளியில் பேசுகிற ஆள் இல்லை. சர்ச்சில் சொன்னது வேறு.

எனக்குச் செஸ் தெரியாது. நாற்பது வருஷத்துக்கு மேல் செஸ்ஸோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன், அது வேறு விஷயம். கல்யாணமான புதிதில் ஒருநாள் காய்களின் பேரைச் சொல்லிக் கொடுத்தார். மூலையில் நிற்பது யானை, அது நேராகப் போகும். பக்கத்தில் குதிரை, அது தாண்டும். அடுத்தது பிஷப், அது எப்போதும் கோணலாகத்தான் போகும் என்றார். எங்கள் அப்பா சபை ஊழியர். எனக்கு அது பிடிக்கவில்லை. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அவர் பெரிய ஆட்டக்காரர் என்பது பரிசுகளை வைத்துத்தான் எனக்குத் தெரியும். மாவட்டச் சாம்பியன் என்றால் அப்போதெல்லாம் சுவர்க்கடிகாரம் கொடுப்பார்கள். மாநிலச் சாம்பியன் என்றால் கப்பு. கப்பை என்ன செய்வது, யாருக்கும் கொடுக்க முடியாது. கடிகாரம் அப்படி இல்லை. எங்கள் சபையில் நடந்த கல்யாணங்களுக்கெல்லாம் ரொம்ப காலம் நாங்கள் கடிகாரம்தான் வைத்தோம். சாந்திநகர் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் இவர் ஜெயித்த நேரம் சுவரில் ஓடிக்கொண்டிருக்கும்.

வேலை கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். லீவு முழுக்கப் போட்டிக்குப் போய்விடும். எங்கள் எப்சிபா பிறந்தபோது இவர் விருதுநகரில் ஆடிக்கொண்டிருந்தார். ஆசீர் பிறந்தபோது மதுரையில். "மூணாவது ஒண்ணு பெத்திருந்தா மனுஷன் திருச்சி வரைக்கும் போயிருப்பாருடி" என்று எங்கள் அக்கா இன்றைக்கும் சொல்வாள். போட்டிக்குப் போனால் ஜெயித்துவிட்டுத்தான் வருவார். அதைச் சொல்ல வேண்டும்.

அப்போது அவரிடம் ஒரு குணம் இருந்தது. டிரா பண்ண மாட்டார். டிரா என்றால் நான் புரிந்துகொண்ட மட்டில், யாருக்கும் தோல்வி வேண்டாம், ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வோம் என்று ஒருவர் கை நீட்டுவார். மற்றவர் கை கொடுத்தால் ஆட்டம் முடிந்தது, ஆளுக்கு அரை பாயின்ட். அந்த விளையாட்டிலேயே எனக்குப் பிடித்த இடம் அது ஒன்றுதான். இவருக்கு அதுதான் ஆகாது. "வேதமாணிக்கத்துகிட்ட கைய நீட்டாதீங்கடே, நீட்டின கைதான் வலிக்கும்" என்று கூட ஆடுகிறவர்கள் கேலி பண்ணுவார்கள். மண்டபத்தில் நாற்காலியெல்லாம் மடக்கி அடுக்கின பிறகும் இரண்டு ராஜாவையும் ஒரு சிப்பாயையும் வைத்துக்கொண்டு இவர் உட்கார்ந்திருப்பாராம். வீட்டுக்கு வந்தால் தலைவலி, வயிற்றுப்புண். இவருக்குக் கொஞ்சம் சமாதானத்தைக் கொடும் ஆண்டவரே என்பதுதான் கல்யாணமான நாளில் இருந்து என் விண்ணப்பம்.

சரி, கோயம்புத்தூருக்கு வருகிறேன்.

இன்டர்நேஷனல் மாஸ்டர் என்று ஒரு பட்டம் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாததா. அதற்குப் பெரிய போட்டிகளில் மூன்று தடவை ஒரு அளவுக்கு மேல் ஆடிக் காட்ட வேண்டும். நார்ம் என்பார்கள். இவரிடம் இரண்டு இருந்தது. மூன்றாவதுக்குத்தான் கோயம்புத்தூர் போனது. அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. அந்த வயதில் அந்தப் பட்டம் வாங்கினவர்கள் நம் பக்கத்தில் யாரும் கிடையாது என்று பேசிக்கொண்டார்கள். வயிற்றுப்புண் அந்த வருஷம் கூடிப்போயிருந்தது. வெளிச்சாப்பாடு கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளைகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு ஸ்டவ்வும் குக்கருமாக நானும் கூடப் போனேன். அவரோடு நான் போன ஒரே போட்டி அதுதான்.

ஒரு கல்யாண மண்டபம். மாடியில் மணவறை இருக்கிற ஹாலில் ஆட்டம். கீழே பந்தி போடுகிற இடத்தில் கூட வந்தவர்கள் உட்கார்ந்திருப்போம். முதல் நாளே எனக்கு ஒரு பெண் பழக்கமாகிவிட்டாள். பூங்கோதை என்று பேர், சேலத்துப் பக்கம். ஏழு மாசம். புருஷனைத் தனியாக விட மனசில்லாமல் வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை, நான் செய்கிற புளிச்சாதம் மட்டும் இறங்குகிறது. அதனால் தினமும் அவளுக்கும் சேர்த்தே கிண்டினேன். நான் பைபிள் வாசித்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் வந்து சும்மா உட்கார்ந்திருப்பாள்.

கடைசி நாள். மத்தியானம் இரண்டு மணிக்குக் கடைசி ஆட்டம். காலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, இவருக்கு வேலை விளையாட்டுக் கோட்டாவுலீங்க. இன்னும் நிரந்தரம் பண்ணலை. இந்தப் போட்டியில முதல் பத்துல வந்தாத்தான் பண்ணுவோம்னு சொல்லிட்டாங்க. இன்னிக்கு அரை பாயின்ட் கிடைச்சாக்கூடப் போதுமுங்க. தோத்தா அவ்வளவுதான். நீங்க சாமி கும்பிடுறவங்க. எனக்கோசரம் ஒரு வார்த்தை சொல்லுங்க அக்கா."

"அழாத. இன்னிக்கு யார்கூட ஆடுறாரு?"

"யாரோ திருநெல்வேலிக்காரருங்க. பெருசு. பேய் மாதிரி ஆடுவாராமா."

அது எங்கள் வீட்டுக்காரர்தான் என்று சொன்னேன். அவள் கையில் இருந்த புளிச்சாதத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"சாப்பிடு. சாப்பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றேன்.

ஜெபம் கேட்டு வந்தவர்களுக்கு இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அதே சமயம் கட்டின புருஷன் தோற்க வேண்டும் என்று எப்படி ஜெபிப்பது? சங்கீதத்தில் சத்துருக்கள் விழுந்துபோகும்படி கேட்கிற வசனங்கள் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஏழு மாசக் கர்ப்பிணியைச் சத்துரு என்று எடுத்துக்கொள்ள முடியுமா? யோசித்துப் பார்த்ததில் ஒரு வழிதான் தெரிந்தது. யாரும் தோற்காத வழி அந்த விளையாட்டிலேயே இருக்கிறதே.

மத்தியானம் அவருக்கு ரசம்சாதம் போட்டேன். ஆட்டத்துக்கு முன்னால் அவர் பேசமாட்டார், யாரும் பேசவும் கூடாது. நான் பேசவில்லை. சந்தேகம் ஒன்று மட்டும் கேட்டேன்.

"ஏங்க, டிரான்னா ரெண்டு பேருக்கும் அரை பாயின்ட்தானே?"

"ஆமா."

"அரை பாயின்ட் போதுமா?"

"யாருக்கு?"

"அந்தச் சேலத்துப் பையனுக்குத்தான். அவன் பொண்டாட்டி பாவம், காலையில இருந்து அழுகா. வேலை போயிருமாம்."

சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அவனுக்குப் போதும்" என்றார்.

"சரி, நல்லது" என்றேன். "உங்களுக்கு இன்னும் கொஞ்சம் ரசம்?"

"போதும்."

அவருக்கு எப்போதும் எதுவும் போதும். நாம் அள்ளி வைத்தாலும் போதும் என்பார், வைக்காவிட்டாலும் போதும் என்பார். அப்படிப்பட்ட மனுஷன்.

டிரா பண்ணுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொன்னேனா? நீங்களே சொல்லுங்கள். சொல்லவில்லை. ஆட்ட விஷயத்தில் நான் தலையிட்டதே கிடையாது.

இரண்டு மணிக்கு மேலே போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் கீழே பந்தி மேஜையில். அவள் குமட்டிக் குமட்டிக் களைத்துப்போய் என் மடியில் தலையை வைத்துப் படுத்துவிட்டாள். நான் அவள் தலையில் கையை வைத்து ஜெபித்துக்கொண்டே இருந்தேன். மூன்று மணி நேரம் போயிருக்கும். மேலே மற்ற ஆட்டமெல்லாம் முடிந்து, இருக்கிற கூட்டம் பூராவும் இவர்கள் மேஜையைச் சுற்றித்தான் நிற்கிறது என்று இறங்கி வந்தவர்கள் சொன்னார்கள்.

அப்போது இவர் தண்ணீர் குடிக்கக் கீழே வந்தார். மேலேயும் தண்ணீர் இருந்தது. எதற்கு இறங்கினார் என்று தெரியவில்லை, நான் போட்டுக் கொடுத்த ரசம்சாதத்தில் உப்புக் கூடியிருக்கலாம். டம்ளரை வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கண்ணை மூடியிருந்தேன், பாதிதான். ஜெபத்தில் இருக்கிறவளைக் கூப்பிட வேண்டாம் என்று பேசாமல் மேலே போய்விட்டார். ஐந்து நிமிஷம் ஆகவில்லை. அந்தப் பையன், குமரவேல் என்று பேர், படியில் தடதடவென்று இறங்கி ஓடிவந்தான். "டிரா, பூங்கோதை, டிரா" என்றான். மடியில் படுத்திருந்தவள் எழுந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

அரை மணி நேரம் கழித்து இவர் இறங்கி வந்தார். "கிளம்பலாமா?" என்றார். ரயிலில் நன்றாகத் தூங்கினார் என்று நினைக்கிறேன். முகத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிப் படுத்திருந்தார்.

அடுத்த ஞாயிறே நான் சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் எழுந்து, ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொன்னேன். இப்படி ஒரு இக்கட்டு வந்தது, கர்த்தர் ஒருவரையும் வெட்கப்படுத்தாமல் இரண்டு குடும்பத்துக்கும் பாதி பாதியாகப் பங்கிட்டுக் கொடுத்தார் என்று. எல்லோருக்கும் ரொம்பப் பிடித்துப்போனது. பாஸ்டரின் மனைவி, எங்கள் ஐயரம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அறுப்பின் பண்டிகைக்குச் சபை முழுக்கக் கேட்கட்டும் என்று மைக்கில் சொல்லச் சொன்னார்கள். அதில் இருந்து வருஷா வருஷம் அந்தப் பண்டிகைக்கு என் சாட்சி உண்டு. "ஞானப்பூ அக்கா, அந்தச் செஸ் சாட்சியச் சொல்லுங்க" என்று இளம்பெண்களே கேட்பார்கள். இவர் ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் இருப்பார். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருப்பார். அவருக்குத் தன்னைப் பற்றி நாலு பேர் முன்னால் பேசினால் கூச்சம்.

ஜெபம் எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள் தம்பி. குமரவேலுக்கு வேலை நிரந்தரமானது. பெண் குழந்தை பிறந்தது. நிம்மதியாக ஆடினானா, நாலைந்து வருஷத்தில் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆகிவிட்டான். நாங்கள் பட்டத்துக்குப் போனோம், பட்டம் எங்கள் மூலமாக இன்னொரு வீட்டுக்குப் போயிற்று. அதையும் சாட்சியில் சேர்த்துக்கொண்டேன்.

இவரும் மாறிவிட்டார். நான் கேட்ட சமாதானம் அந்தக் கோயம்புத்தூரில்தான் கிடைத்தது. அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்குப் போனாலும், எதிரே யார் இருந்தாலும், கொஞ்ச நேரம் ஆடிவிட்டுக் கையை நீட்டிவிடுவார். சின்னப் பையன்கள்கூட இவரிடம் டிரா வாங்கிக்கொண்டு போவார்கள். "அரை பாயின்ட் அண்ணாச்சி" என்று பேராகிவிட்டது, நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள், பரவாயில்லை, எனக்குக் கோபமில்லை. வெளிச்சம் இருக்கும்போதே பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவார். தலைவலி கிடையாது. வயிற்றுப்புண் ஆறிவிட்டது. மூன்றாவது நார்ம் மட்டும் வரவில்லை. கடிகாரமும் வரவில்லை. கல்யாணங்களுக்குக் கடையில் வாங்கித்தான் கொடுக்கிறோம்.

இப்படி இருக்கும்போதுதான் அல்போன்ஸ் சார் வந்தார். கோயம்புத்தூரில் நடுவராக இருந்தவர். எங்கள் வீட்டுக்காரர் ஆலயத்துக்குக் கணக்குப் பார்க்கப் போயிருந்தார். மக்ரூனைப் பிரித்து வைத்துவிட்டு சார் சொன்னார்.

"அம்மா, அன்னைக்கு வேதமாணிக்கத்துக்குக் கையில இருந்த ஆட்டம். குதிரையத் தூக்கி நடுவுல வச்சிருந்தா அந்தச் சேலத்துப் பையன் தோத்துட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டு எந்திரிச்சிருப்பான். சுத்தி நின்ன அத்தனை பேருக்கும் தெரியும். இவன் தண்ணி குடிக்கப் போறேன்னு போனான், வந்தான், உக்கார்ந்தான், கைய நீட்டினான். பக்கத்துல நிக்கேன், எனக்குத் தலை சுத்திட்டு. அந்தப் பையன் முதல்ல கை குடுக்கவே இல்ல. இவன் ஏதோ கிண்டல் பண்ணுதான்னு நினைச்சிட்டான்."

"ஏன் சார் இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லல?"

"நடுவர் வாயைத் திறக்கக் கூடாதும்மா."

"ஆட்டம் முடிஞ்சு இருபத்திரண்டு வருஷம் ஆச்சே சார்."

"நான் ரிட்டயர் ஆனது போன மாசம்தான்" என்றார். பிறகு, "களைப்பு. நாற்பத்தெட்டு வயசு. கண்ணுல படல, அவ்வளவுதான். பெரிய ஆளுங்களுக்கும் அப்படி ஆகும்" என்றார்.

அன்றைக்குச் சாப்பாடு போடும்போது இவரிடம் கேட்டேன். அகத்திக்கீரை வைத்திருந்தேன்.

"அல்போன்ஸ் சார் வந்திருந்தாரு. கோயம்புத்தூர்ல ஏதோ குதிரை இருந்துச்சாமே. நீங்க பாக்காம விட்டுட்டீங்களாம்."

"குதிரை இல்ல" என்றார். "யானை."

"என்னது?"

"குதிரை வச்சாலும் ஜெயம்தான். ஆனா அவன் கொஞ்ச நேரம் இழுப்பான். யானையக் கொண்டுபோய்க் குடுத்துரணும். அவன் வெட்டித்தான் ஆகணும். வெட்டினா அடுத்த நாலு மூவுல முடிஞ்சுது. அது அல்போன்ஸுக்குத் தெரியாது."

சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். நேற்று ஆடின ஆட்டத்தைச் சொல்கிற மாதிரி.

"அப்ப தெரிஞ்சேவா கை நீட்டினீங்க?"

"தெரியாமயா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

கீரையை எடுத்துக்கொண்டார். மென்று முடித்தார்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன், ஞானம். அதுக்குள்ள நீ சாட்சி சொல்லிட்ட."

நான் கீரைச் சட்டியை மூடி வைத்தேன்.

"மோர் ஊத்து" என்றார்.

ஊற்றினேன். பாருங்கள் தம்பி, என் சாட்சி மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை. அதைக் கெடுக்கக் கூடாது என்று இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். எத்தனை பேருக்கு அப்படிப் புருஷன் கிடைக்கும் என்று நான் அப்புறமாக நினைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்கும் மைக்கைக் கொடுத்தார்கள். எனக்குத் தொண்டை சரியில்லை. எப்சிபாவுக்கு விசா கிடைத்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இவர் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வரும் வழியில், தொண்டைக்கு என்ன என்று கேட்டார். சளி என்றேன்.

இப்போது உங்கள் விழா. சிறப்பு விருந்தினர் யார் என்று பார்த்தால் குமரவேல். நல்லது, வரட்டும், பூங்கோதையையும் அழைத்து வரச் சொல்லுங்கள், நான் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது. ஆனால் மேடையில் எல்லோர் கையிலும் இந்த மலர் இருக்கும். குமரவேல் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவான். அன்றைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன் அவன், அவனுக்குத் தெரியாதா? தெரிந்தும் ஒன்றும் சொல்ல முடியாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பக்கத்து நாற்காலியில் இவர் இருப்பார், புதுசாக முடி வெட்டிக்கொண்டு. படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் இவர் பார்க்காமல் விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். இவர் அதையும் போதும் என்பார்.

அல்போன்ஸ் சார் சொன்னதை வைத்துத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், உங்கள் பேரில் தப்பில்லை. கட்டம் போட்ட படம் இருக்கட்டும். வெள்ளை ஆடி ஜெயிக்க வேண்டும் என்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள், அதுவும் இருக்கட்டும், பிள்ளைகள் போட்டுப் பார்க்கட்டும். அதற்கு மேலே தடித்த எழுத்தில் 'நம் மாஸ்டர் தவறவிட்ட வெற்றி' என்று இருக்கிறதே, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள், தம்பி.